கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா?

பெட்ரோல் கார் ஒன்று ஸ்டார்ட் ஆக வேண்டுமானால் முதலில் இன்ஜின் சுற்ற வேண்டும். சுற்றும்போது சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் வந்து சேர வேண்டும். அந்தக் கலவை நன்றாக அழுந்த வேண்டும். அழுந்தி முடிகிற நேரத்தில் பிளக்கில் பொறி விழ வேண்டும். ஒன்று தவறினாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். தமிழ்நாட்டு மெக்கானிக் பட்டறைகளில் இவ்வளவும் மூன்று கேள்விகளாகச் சுருங்கியிருந்தன: கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா, கம்ப்ரஷன் இருக்கா? கேள்விகளை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். எதை முதலில் கேட்பது, எந்தப் பதிலை நம்புவது என்பதுதான் தொழில். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்ற மூன்று கார்கள் இந்தியச் சாலைகளை ஆண்ட காலத்தில் அந்தத் தொழில் முதிர்ந்தது. அந்தக் கார்கள் போனபோது அதுவும் ஒடுங்கியது.

மோட்டார் வண்டி வந்த தொடக்க நாட்களில் பழுதே இல்லாத வண்டியைக் கிளப்புவதும் ஒரு தனி வேலையாக இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டின் சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் உருவாக்கிய கார் நீராவியில் ஓடியது. தண்ணீர் கொதித்து ஆவி ஏறும்வரை அது அசையாது. பெட்ரோல் கார்களுக்கு நெருப்பு மூட்ட வேண்டியதில்லை. ஆனால் முன்பக்கத் துளையில் இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். பொறி விழும் நேரத்தை முன்பின் மாற்ற ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைப் பின்னுக்குத் தள்ள மறந்து ஹேண்டில் போட்டால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழுந்து இன்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அதனால் ஹேண்டில் போடுவதற்கென்று ஒரு முறை ஏற்பட்டது: கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அழுத்தவே கூடாது. பஸ், லாரிக் கிளீனர்களுக்கு இதுதான் முதல் பாடம்.

இன்றைக்கு நாம் பழைய கார் என்று சொல்வதன் மின்சார அமைப்பு அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் கொடுத்தது. பேட்டரியின் குறைந்த மின்னழுத்தத்தை ஒரு காயில் வழியாகப் பெருக்கிப் பிளக்கில் பொறி விழவைக்கும் அவருடைய இக்னிஷன் 1910-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் வந்தது. 1912-இல் அதே கேடிலாக்கில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டரும் வந்தது. காயிலுக்குள் தடித்த கம்பிச் சுற்று ஒன்றும் மெல்லிய கம்பிச் சுற்று ஒன்றும் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள சி.பி. பாயிண்ட் திறக்கும் கணத்தில் தடித்த சுற்றில் ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபட, மெல்லிய சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும்பும். ரோட்டார் அதை அந்தந்த சிலிண்டரின் பிளக்குக்குப் பிரித்துக் கொடுக்கும். இந்த அமைப்பு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அடிப்படை மாறாமல் உலகம் முழுவதும் ஓடியது. இந்தியாவில் அதற்கும் மேல். ஒரு மெக்கானிக் பதினைந்து வயதில் கற்றது அறுபது வயதுவரை செல்லுபடியாக இதுவே காரணம்.

கெட்டரிங்கின் இரண்டு வசதிகளுக்கும் ஒரே பேட்டரி என்பதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருந்தது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தளர்ந்த 12 வோல்ட் பேட்டரி அந்த நேரத்தில் ஒன்பதுக்கும் கீழே இறங்கிவிடும். அதாவது, பொறிக்கு மின்சாரம் மிகவும் தேவைப்படும் அதே நொடியில் காயிலுக்குப் போதிய மின்சாரம் போகாது. இன்ஜின் சுற்றும், பற்றாது. அதே வண்டியை ஹேண்டில் போட்டாலோ தள்ளிவிட்டாலோ உடனே பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் மிச்சமிருக்கும் மின்சாரம் முழுவதும் காயிலுக்கே கிடைக்கிறது. 'தள்ளு மாடல்' என்று கேலி பேசப்பட்ட வண்டிகள் பலவற்றில் இன்ஜின் நன்றாகவே இருந்தது, பேட்டரிதான் தளர்ந்திருந்தது. அம்பாசடரில்கூட ஹேண்டிலுக்கு வழி வைத்திருந்தார்கள். டிக்கியில் அந்த ஹேண்டிலை வைத்திருந்த டாக்சி டிரைவர் பேட்டரி மாற்றுவதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் ரேஷனுக்குப் போனதும் ஸ்டார்ட் செய்யும் வேலை மறுபடியும் அடுப்புக்குத் திரும்பியது. பஸ்களின் பின்பக்கம் உலை பொருத்தி, மரக்கரியைப் புகையவிட்டு, அதிலிருந்து வரும் வாயுவை இன்ஜினுக்கு ஊட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இந்தக் கரிவாயுக் கருவிகளைச் செய்து தந்தது. காலையில் முதல் பஸ் புறப்பட வேண்டுமானால் அதற்கு முன்பே கிளீனர் வந்து துருத்தியைச் சுற்றிக் கரியைக் கனலவைக்க வேண்டும். கரி ஈரமாக இருந்தாலும், சாம்பல் அடைத்தாலும், குழாய் இணைப்பில் காற்று புகுந்தாலும் வண்டி கிளம்பாது. பழுது தேடும்போது தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் போக வேண்டும் என்ற பழக்கம் அந்த உலைகளோடு போராடிய தலைமுறைக்குக் கைவந்தது.

விடுதலைக்கு முன்பு இந்தியாவில் ஓடிய கார்கள் பலவகை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலேயே பம்பாயில் பாகங்களைக் கொண்டுவந்து கார் பூட்டியது. சில கார்களுக்கு 6 வோல்ட் பேட்டரி, சிலவற்றுக்கு 12. சிலவற்றில் பாசிட்டிவ் முனை எர்த், சிலவற்றில் நெகட்டிவ். 1950-களில் இந்த வரிசை சுருங்கியது. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் கடையைக் கட்ட நேர்ந்தது. மிஞ்சியவை மூன்று: கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையை ஒட்டிய வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறப்பான அம்பாசடர் 1957-இல் வந்தது. 1961-இல் வண்டலூரிலிருந்து ஹெரால்டு வந்தது. ஃபியட் 1100 பிற்பாடு பத்மினி என்று பெயர் மாறியது. பல ஆண்டுகளுக்குக் காத்திருப்போர் பட்டியலும் இறக்குமதித் தடையும் இந்த மூன்றையும் காத்தன.

மெக்கானிக்குகளுக்கு இது பெரிய வசதி. மூன்று இன்ஜின்களைத் தெரிந்துகொண்டால் ஊரில் உள்ள கார்கள் பெரும்பாலும் தெரிந்த மாதிரிதான். ஹெரால்டில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. அதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மின்சாரப் பாகங்கள் உள்ளூரிலேயே கிடைக்கத் தொடங்கின. 1960-களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் லூக்காஸ்-டி.வி.எஸ். ஆலை அமைந்து, டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர், காயில் ஆகியவற்றைச் செய்தது. பெங்களூரின் மைக்கோவிலிருந்து பிளக் வந்தது. ஆனாலும் நினைத்த உடனே புதுப் பாகம் வாங்கிப் போடுவது எல்லோராலும் முடியவில்லை. விலையும் தட்டுப்பாடும் குறுக்கே நின்றன. ஒரு பாகத்தைக் குற்றம் சொல்லுமுன் அது உண்மையில் குற்றவாளியா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நோயறியும் திறமை இந்த நெருக்கடியில் வளர்ந்தது என்பதைப் பழைய மெக்கானிக்குகளைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

தேர்ந்த மேஸ்திரி முதலில் ஸ்பேனரைத் தொடமாட்டார். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்வார். விளக்கு அடியோடு அணைந்தால் பேட்டரி முனைப் பிடிப்பு சரியில்லை. மங்கி, 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. விளக்கு அப்படியே எரிந்து, சத்தமும் இல்லையென்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை; சுவிட்சையோ ஒயரையோ பார்க்க வேண்டும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெளிர்பச்சைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதுமே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் பட்டை அடுத்தது. அது துருப்பிடித்துப் போனால் நல்ல பேட்டரிகூடச் செத்த பேட்டரி மாதிரித் தெரியும். அநியாயமாக மாற்றப்பட்ட பேட்டரிகளில் பல இந்தக் கணக்கில் சேரும்.

பழைய லூக்காஸ் செல்ஃப் மோட்டாரில் ஒரு தனி நோய் உண்டு. மோட்டார் சுற்றத் தொடங்கியதும் சிறு பல்சக்கரம் வேகத்தில் முன்னால் ஓடி ஃப்ளைவீலின் பல்லில் மாட்டும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் பின்வாங்கும். பல் தேய்ந்த வண்டியில் அது மாட்டிக்கொண்டு திரும்பாது. அப்போது டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மோட்டாரின் பின்முனையில் உள்ள சதுரத் தண்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பி விடுவிப்பார்கள். அந்தச் சதுரமுனை இதற்காகவே வைக்கப்பட்டது.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் அடுத்தது கரண்ட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு ஒயரைக் கழற்றி, அதன் நுனியை இன்ஜின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்துச் சுற்றுவார்கள். நீலமாக, படபடவென்ற சத்தத்தோடு பொறி பாய்ந்தால் காயில்வரை குறையில்லை. மஞ்சளாக, நூல்போல வந்தாலோ வராவிட்டாலோ மூடியைத் திறக்க வேண்டும். சி.பி. பாயிண்ட்டின் இரண்டு முனைகளுக்கும் இடையில் பதினைந்து தௌ, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, இடைவெளி இருக்க வேண்டும். கேமில் உரசும் குதிகால் தேயத் தேய அந்த இடைவெளி குறையும். கடைசியில் பாயிண்ட் திறக்காமலே போய்விடும். சாலையோரத்தில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் தடித்த அட்டைத் துண்டை நுழைத்துப் பார்த்து வைத்தார்கள். கருகிய முனைகளைத் தேய்க்கத் தீப்பெட்டியின் உரசும் பக்கம் போதும். இப்படி ஒப்பேற்றிய வண்டி பல மைல் ஓடியதுண்டு.

பாயிண்ட்டுக்குப் பக்கத்திலேயே விரல் நீளத்துக்குக் குறைவான ஓர் உலோக உருளை இருக்கும். அதுதான் கண்டென்சர். பாயிண்ட் திறக்கும்போது முனைகளுக்கு நடுவே தீப்பொறி தாவாமல் தடுப்பது அதன் வேலை. அது கெட்டால் பாயிண்ட் நீலம் பாய்ந்து கருகும். பிளக்கில் பொறி சோர்ந்துவிடும். சூடானதும் கெட்டு, ஆறினதும் சரியாகும் கண்டென்சரும் உண்டு. பட்டறைக்கு இழுத்து வருவதற்குள் வண்டி ஒழுங்காக ஓடும். வீட்டுக்குப் போகும் வழியில் மறுபடியும் நிற்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத, விலை மலிவான இந்தப் பாகத்தின் மேல் பழி போடுவது எளிது. காரணம் தெரியாத மெக்கானிக்குகள் "கண்டென்சர் போயிருக்கு சார்" என்று சொல்லித் தப்பித்ததும் இந்தத் தொழிலின் வரலாறுதான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னைப் பட்டறைகளுக்கு வரும் புகார் வேறு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினால் உயர் மின்னழுத்தம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியாக எர்த்துக்கு ஓடிவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் காட்டினால் சரியாகும். துடைத்தும் சரியாகாவிட்டால் மூடியின் உட்புறத்தில் மயிரிழைபோல ஒரு கருங்கோடு ஓடியிருக்கும். அந்த விரிசல் வழியாக மின்சாரம் கசிகிறது. மூடியை மாற்ற வேண்டியதுதான்.

கரண்ட் இருந்தால் பெட்ரோல். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி இன்ஜினைச் சுற்றினால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பீறிட வேண்டும். வராவிட்டால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். டேங்கின் அடியில் சேர்ந்த துரு குழாயை அடைத்திருக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் நெரிசலில் நின்ற கார்களுக்கு வந்தது வேறொரு கோளாறு. பானெட்டுக்குள் வெப்பம் ஏறி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருப்பதே மருந்து. ஃபியட் டாக்சிகளின் பம்பைச் சுற்றி நிரந்தரமாகவே ஒரு கந்தல் கட்டியிருக்கும். இதற்கு நேர்மாறான கோளாறு ஓவர்ஃப்ளோ: மிதவைக்கு மேலே உள்ள ஊசியில் தூசு சிக்கி, பெட்ரோல் நிற்காமல் வழிந்து பிளக்குகளை நனைத்துவிடும். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் கார்புரேட்டரை இரண்டு தட்டுத் தட்டினால் ஊசி அமரும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆகாமல், சூடான பிறகு மட்டும் ஓடுகிற கார்கள் அதிகம். மெக்கானிக் பெட்ரோலில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு ஊதுவார். நல்ல பெட்ரோல் பறந்துவிடும், கலப்படம் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவைக்கும்.

கம்ப்ரஷன் கேள்வி கடைசியில்தான் வரும், ஏனென்றால் அது ஒரே இரவில் போய்விடுவதில்லை. பிளக்கைக் கழற்றிய துளையில் கட்டைவிரலை அழுத்தி, இன்ஜினைச் சுற்றச் சொல்வார்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறினால் போதும். தள்ளாவிட்டால் அந்தத் துளையில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். இப்போது அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. வேலை சிறிதா, இன்ஜினையே இறக்க வேண்டியதா என்பதை அந்த ஆயில் சொல்லிவிடும்.

இவ்வளவும் எங்கே கற்பிக்கப்பட்டது? 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஐ.டி.ஐ.-களில் மோட்டார் மெக்கானிக் பாடம் வந்தது. ஆனால் பட்டறைகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதில் எடுபிடியாகச் சேர்ந்த பையன்கள். டீ வாங்கி வருவது, நட்டு போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவுவது, ஹெட்லைட்டைப் பார்த்துச் சொல்வது என்று தொடங்கி, பல ஆண்டுகளுக்குப் பிறகே டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட அனுமதி கிடைக்கும். கூலி என்று பெரிதாக ஒன்றும் இராது; அடி உண்டு. இந்தத் திறமையைப் புகழும்போது அது எந்த விலையில் வந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டை இருந்தது. கூவம் கரையை ஒட்டிய அந்தத் தெருக்களில் உடைத்த வண்டிகளின் டைனமோவும் கார்புரேட்டரும் குவிந்து கிடக்க, வெளியூர் மெக்கானிக்குகள் வந்து பொறுக்கிப் போனார்கள்.

1973-க்குப் பிந்தைய பெட்ரோல் விலையேற்றத்தில் அம்பாசடர்களுக்கு டீசல் இன்ஜின் ஏறத் தொடங்கியது. டீசலில் பிளக் பொறியே கிடையாது. ஹீட்டர் பிளக்கும் குழாயில் புகும் காற்றும்தான் தொல்லை. கரண்ட் பார்த்த மெக்கானிக் அங்கே ஏர்லாக் எடுக்கக் கற்றார். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இதைவிடப் பெரிய மாற்றம், ஆனால் சத்தமில்லாமல் நடந்தது. அது காலையில் முதல் அடியிலேயே கிளம்பியது. வண்டலூர் ஆலை 1980-களின் முடிவுக்குள் கார் செய்வதை நிறுத்தியது. 1995-இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஈடுகொடுக்க கார்புரேட்டரின் இடத்தில் இன்ஜெக்டரும், பாயிண்ட்டின் இடத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷனும் வந்தன. பத்மினியின் உற்பத்தி புத்தாயிரத்தின் தொடக்கத்தில் முடிந்தது. அம்பாசடர் 2014 மே மாதத்தில் நின்றது.

புதிய கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகுகிறார். எண் ஒன்று வருகிறது. அந்த எண்ணுக்குரிய பாகம் மாற்றப்படுகிறது. பெரும்பாலும் சரியாகவே வருகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய முறையில் அரைநாள் எடுத்த வேலை அரைமணியில் முடிகிறது. ஆனால் எண் வராத பழுதுகளும் உண்டு. துருப்பிடித்த எர்த் பட்டையை எந்த ஸ்கேனரும் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. அது வரிசையாக நாலைந்து சென்சார்களைக் குற்றம் சாட்டும். வரிசைப்படி தேடத் தெரியாத பட்டறையில் அந்தச் சென்சார்கள் ஒவ்வொன்றாக மாறும், பில் ஏறும்.

அம்பாசடரும் ஹெரால்டும் ஃபியட்டும் இன்று ஆர்வலர்களின் கொட்டகையில் இருக்கின்றன. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய, உருமாற்றாத வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அவற்றை வைத்திருப்போருக்கு இப்போது ஒரு புதிய தொல்லை சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அந்தக் கால ரப்பர் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கி, துரு வேகமாகப் பிடிக்கும். ஆகவே மாதம் ஒரு முறைகூட ஓடாத பழைய கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பேட்டரி முனைகளைத் துடைத்து இறுக்கியபின், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்குமுன் பெட்ரோல் குழாயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு அதில் வருவது பெட்ரோல்தானா என்று பார்ப்பது நல்லது. கரண்ட்டுக்கு அடுத்தே பெட்ரோல் என்ற பழைய வரிசை இந்த ஓர் இடத்தில் மாறியாக வேண்டும்.